நெல்சனின் கணிப்பு

“உங்க கேரளா டீம் இந்த வருஷமும் பேக்கார், ஒண்ணுக்கும் உதவாது அத்தான். டிஃபென்ஸ்ல நிக்கிறவன் எதிராளிக்கு வழிவிட்டு சலாம் போடுவான்.”

“போடா. உங்க சென்னை டீம் மட்டும் கிழிச்சுதாக்கும்.”

ஒவ்வொரு கால்பந்து சீசனுக்கு முன்பும் மைத்துனன் நெல்சன் அந்தமானின் மாயாபந்தருக்கு வந்து இப்படித்தான் வம்பிழுப்பான். போன வருடம் பேசியதை நினைத்துச் சின்னப்பன் கட்டிலில் படுத்தபடியே சிரித்துக்கொண்டார். மகள் ஜாக்குலின் இருந்தால் கேரளாவுக்காக அவளே சண்டைக்கு நின்றிருப்பாள். வங்காளிப் பையனைக் கட்டிக்கொண்டு ரங்கத் ஊருக்குப் போனவளின் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாதென்று அவர்தான் சொல்லியிருந்தார். அவளைக் கூட்டிவரச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்து, விழுங்கியிருக்கிறார்.

நெல்சன் வந்து கட்டிலருகே உட்கார்ந்தான்.

“வயித்துல வெறும் புண்ணுதானாம் மாப்ள. ஆஸ்பத்திரியில சொன்னாங்கன்னு உங்கக்கா சொன்னா. அதை விடு, எங்க டீம் எப்படி?”

நெல்சன் தரையைப் பார்த்தான். “அருமையான டீம் அத்தான். இந்தத் தடவை கப் உங்களுக்குத்தான்.”

சின்னப்பனின் சிரிப்பு நின்றது. வாசலில் நின்ற மனைவி ரோசலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அவ்வளவு மோசமா மாப்ள?”

நெல்சன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு ரங்கத்துக்குப் போ,” என்றார் சின்னப்பன். “ஜாக்குலினைக் கூட்டிட்டு வா. அந்தப் பையனையும்.”