தனித்தனிக் குடித்தனம்

"இந்த ஒரு பெட்டியா பன்னிரண்டு சர்வர்?" வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஆமா சார். உள்ள தடுப்பு போட்டுப் பிரிச்சிருக்கோம். ஒரே வீட்டுல தனித்தனிக் குடித்தனம் மாதிரி. ஒரு வீட்டுல விளக்கு அணைஞ்சாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது," என்றார் கம்பெனி முதலாளி.

முதலாளிக்கு சர்வர் அறையின் குளிரிலும் வியர்த்தது. வந்திருப்பவர் அவர்களுடைய முக்கிய வாடிக்கையாளர் நிறுவனத்தின் அதிகாரி. அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

"சரி, பெட்டி எனக்குத் திருப்தி."

"உங்க சட்டப் பிரிவு ஒத்துக்குவாங்களா சார்? மெயில்ல எங்களைத் திட்டித் தீர்க்கிறாங்களே. ஒரு போன் போட்டுக் கேட்டுட்டீங்கன்னா..."

"கேக்க வேண்டாம். ஒத்துக்குவாங்க." அதிகாரி சுற்றிலும் பார்த்தார். "எனக்கு உங்க ஆட்களைத்தான் பார்க்கணும். நெட்வொர்க் பிரிவு, பேக்கப் பிரிவு, புகார் பிரிவு, மூணுமே உடனுக்குடன் பதில் போடுது. ஆனா ஒரு தடவைகூட ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டதில்ல. அப்படி ஒரு ஆபீஸை நான் பார்த்ததே இல்ல."

முதலாளி மென்று விழுங்கினார். "எல்லாரும் கொஞ்சம் வெளிய..."

மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பெண் பொறியாளர் எழுந்தாள். முதலாளியைப் பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் நேரில் கேட்பவரிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"வெளிய யாரும் போகல சார். மூணு பிரிவும் நான்தான். நெட்வொர்க் பிரிவுன்னா கொஞ்சம் கறாரா எழுதுவேன். புகார் பிரிவுன்னா 'வருந்துகிறோம்'னு ஆரம்பிப்பேன். ஆள் போட வசதியில்ல, அதான் பெட்டிக்குப் போட்ட தடுப்பை எனக்கும் போட்டுக்கிட்டேன்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

அதிகாரி தன் பையைத் திறந்தார். ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"சட்டப் பிரிவு உங்களை ரொம்பத் திட்டிடுச்சு, மனசுல வச்சுக்காதீங்கம்மா," என்றார் குரலைத் தாழ்த்தி. "அங்கயும் நான் ஒருத்தன்தான்."