இவ்வளவு அடக்கம் ஆகாது

"கோட்டுன்னா உங்க கடை கோட்டுதாங்க!" வங்கி மேலாளர் மேஜைமேல் துணியைப் பிரித்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். துணி, வருங்கால மாப்பிள்ளை மாமனாருக்கென்று வெளிநாட்டிலிருந்து ஆசையாக வாங்கி அனுப்பியது.

தையற்கடைக்காரர் நெளிந்தார். "நான் என்னங்க பண்றேன்? எல்லாம் என் வீட்டுக்காரி கைதான். நூல் வாங்கப் போயிருக்கா, இப்போ வந்துடுவா."

"பார்த்தியா!" மேலாளர் கூட வந்திருந்த தன் மனைவியிடம் திரும்பினார். "இருபது வருஷமா இதே பேச்சு. மனுஷனுக்கு என்ன அடக்கம்!"

"நீங்களும் இருக்கீங்களே," என்றாள் மனைவி. "ஒரு டீ போட்டுட்டு ஊரைக் கூட்டுவீங்க."

"அடக்கமெல்லாம் இல்லம்மா. நிஜமாவே எனக்குத் துணி வெட்டத் தெரியாது."

"இன்னிக்கு உங்களை விடறதா இல்லை," என்றார் மேலாளர். "என் கண்ணு முன்னாடி நீங்களே வெட்டறீங்க. உங்களை மாதிரி கைகாரர் கிடையாதுன்னு ஊரே சொல்லுது. அத்தனை பேருமா பொய் சொல்றாங்க?"

கடைக்காரர் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து, கத்திரிக்கோலை எடுத்தார்.

நூல்கண்டுகளோடு வந்த அவர் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். மேஜைமேல் கோட்டின் இரண்டு கைகளும் வெட்டிக் கிடந்தன. ஒன்று மேலாளருக்குப் பொருந்தும். இன்னொன்று ஐந்து வயதுப் பையனுக்கு.

"ஐயோ, என்னங்க இது!" என்று தலையில் கை வைத்தாள்.

மேலாளர் அந்தச் சின்னக் கையை எடுத்துப் பார்த்தார். "அப்போ... நீங்க சொன்னதெல்லாம் நிஜமா?"

"இருபது வருஷமா நிஜத்தைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன் சார்," என்றார் கடைக்காரர். "இன்னிக்குத்தான் நானே அதை நம்பாமப் போயிட்டேன்."