கண்ணாடியில் விழுந்த கை

பழைய போட்டோக்களின் மேல் நூலும் ஜமிக்கியும் வைத்துத் தைக்கிற திலோத்தமாவிடம், பூங்கோதை தன் அம்மாவின் வளைகாப்புப் படத்தைக் கொடுத்திருந்தாள். பூஜடை தெரியட்டும் என்று முதுகுப்பக்கம் கண்ணாடி வைத்து எடுத்த படம்.

"கண்ணாடியில தெரியிற ஜடையில மட்டும் பூ தைங்கக்கா. அம்மா மேல ஊசி படக்கூடாது. இருக்கிறது இந்த ஒண்ணுதான்."

ஜடை நுனிக்கு வந்ததும் ஊசி நின்றுவிட்டது. துணியென்றால் பிரித்துவிடலாம்; காகிதத்தில் விழுந்த துளை விழுந்ததுதான். திலோத்தமா பூங்கோதையை வரவழைத்து லென்ஸைக் கையில் கொடுத்தாள். ஜடை நேராகத் தொங்குவதற்காக யாரோ படத்துக்கு வெளியே நின்று நுனியைப் பிடித்திருக்கிறார்கள். கண்ணாடியில் அந்தக் கை மட்டும் விழுந்திருக்கிறது. ஆண் கை. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

"யாரு இது?"

"தெரியலக்கா. அப்பா அன்னைக்கு எட்டிக்கூடப் பாக்கலன்னுதான் அம்மா சாகிறவரைக்கும் சொல்லிச்சு. நான் அவரைப் பாத்ததே இல்ல."

லென்ஸைப் பிடித்திருந்த பூங்கோதையின் சுண்டுவிரலும் அதேபோல வளைந்திருப்பதைத் திலோத்தமா பார்த்தாள்.

"அந்த இடத்துல ஒரு மல்லி வரணும். மூடிடவா?"

பூங்கோதை லென்ஸைக் கீழே வைக்கவேயில்லை.

"ஒரு பூ கொறைஞ்சா ஜடை நல்லா இருக்காதாக்கா?" என்றாள்.