குரல் பட்டை

அந்தப் பிசியோதெரபி மையத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் கழுத்தில் குரல் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். யார் சொன்னால் நோயாளி தட்டாமல் கேட்பாரோ, பட்டை பேசுபவரின் குரலை அந்த ஆளின் குரலாக மாற்றிவிடும். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்த சௌந்தரவல்லியிடம் பிசியோதெரபிஸ்ட் இன்பராஜ் பேசினால், அவளுக்குக் கேட்டது செத்துப்போன கணவரின் குரல்.

பட்டை குரலைத்தான் மாற்றும், வார்த்தையை மாற்றாது. முதல் நாள் காலை மடக்கி நீட்டச் சொல்லி அவன் "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கியதுமே அந்தம்மாள் காலை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு அரிசி மண்டிக்காரரு, ஒண்ணுன்னு சொல்ல மாட்டாரே. முதப் படிய லாபம்னுதானே அளப்பாரு?"

அன்றிலிருந்து அவனும் "லாபம், ரெண்டு, மூணு" என்றே எண்ணினான். வலியில் கண் கலங்கினாலும் அவள் காலை மடக்கினாள். திருப்திப் படிவத்தில் வாரம் தவறாமல் பத்துக்குப் பத்து போட்டாள்.

நாற்பதாம் நாள் முழங்கால் முழுசாக மடங்கியது. அனுப்பிவைக்கும்போதாவது சொந்தக் குரலில் பேசலாம் என்று இன்பராஜ் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். 'கால் சரியாயிடுச்சும்மா, இனிமே வர வேண்டாம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"நாளைக்கும் வா, வல்லி."

வெளியே வந்த குரலும் அவனுடையதல்ல, வார்த்தையும் அவனுடையதல்ல.

அவள் முகம் மலர்ந்தது. "வராம எங்கங்க போகப்போறேன்?" என்றபடி மறுபடியும் கட்டிலில் படுத்துக் காலை நீட்டினாள்.

இன்பராஜ் பதறிப்போய் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். பொத்திய கைக்கடியில் உதடுகள் தாமாகவே அசைந்தன.

"லாபம்..."