பெருநாள் விடுப்பு

"ரம்ஜான் கொண்டாடறவங்களுக்கு மட்டும்தான் நாளைக்கு லீவு" என்றார், ஓவேலிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த மேனேஜர் ஸ்ரீஹரி.

கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள்.

"இங்கே முஸ்லிம் ஒரே குடும்பம்னு சொன்னாங்களே?"

"ஆமாங்க சார். ஆனா நாங்களும் கொண்டாடறமுங்க" என்றாள் ரேணுகா.

மறுநாள், பொய் சொன்னவர்களின் சம்பளத்தைப் பிடித்துவிடுவது என்ற முடிவோடு தோட்டத்துக்குப் போனார். பனிமூட்டத்தில் ஒரே ஒரு பெண் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மனம் குளிர்ந்தது.

"நீ ஒருத்தியாவது உண்மையா வேலைக்கு வந்தியே. பேரென்னம்மா?"

"ஜுலைகாங்க சார்."



"பெருநாளும் அதுவுமா நீங்க ஏம்மா இங்கே?"

ஜுலைகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வருசா வருசம் எல்லாருக்கும் நான்தானுங்க பிரியாணி ஆக்குவேன். மாசம் பூரா நோம்பிருந்தவ இன்னிக்கு அடுப்பைத் தொடக்கூடாதுன்னு, ரேணுகாக்காவும் மத்தவங்களும் கரண்டியைப் புடுங்கிட்டு என் ஊட்டை விட்டே என்னைத் தள்ளிட்டாங்க. சும்மா உக்கார முடியல, வந்துட்டேன்."

ஸ்ரீஹரியும் சிரித்துவிட்டார். "வாங்க, நாம ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடலாம்."

"வர்றனுங்க. ஆனா அவங்க யாருக்கும் பிரியாணிக்குத் தம் போடத் தெரியாதுங்களே."