கையில் வாங்காத கேக்

“கோவப்படறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டுடுடா” என்பாரா, “கோவப்பட்ட பொறவாவது கேளுடா” என்பாரா? பெரிய மாமாவின் வாக்கு தங்கதுரைக்குப் பாதிதான் நினைவிலிருந்தது.

எப்படியிருந்தாலும் தங்கதுரையின் மனைவி கோகிலவாணி கேட்கும் நிலையில் இல்லை.

“பக்கத்து வூட்டுப் பச்சையம்மாக்காவ மட்டும் கூப்பிடக் கூடாது. சொல்லிட்டேன்.”

மேசை மேல் கேக் ஆறிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் அபிநயாவுக்கு முதல் பிறந்தநாள். அதற்கு இது ஒத்திகை. தோட்டத்து வாழைப்பழம், கேழ்வரகு மாவு, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை. தங்கதுரை ஷார்ஜா பேக்கரியில் பதினெட்டு வருஷம் கேக் போட்டவர். இங்கே சொந்த ஊர் நைனார்பாளையத்தில் பாதி வேக்காட்டில் கரண்ட் போய், கேக்கின் நடு குழிந்துவிட்டது.

“இன்னா நடந்துச்சு?”

“பாப்பாவ இடுப்புல வச்சிக்கினு, ஒரு துண்டு கேக் எடுத்துக்கினு வேலியாண்ட போனேன். அவங்க வேலையிலருந்து வந்துக்கினு இருந்தாங்க. நீட்டினேன். கையில வாங்கல. ‘அந்தக் கல்லு மேல வச்சிட்டுப் போ’ன்றாங்க.”

“சரி.”

“என்னா சரி? பாப்பா அவங்களப் பாத்ததும் ரெண்டு கையையும் நீட்டித் தாவுது. பாம்பப் பாத்த மாதிரி பின்னால போறாங்க. ஏங்கி ஏங்கி அழுதுச்சு புள்ள.”

அபிநயா இப்போது தரையில் உட்கார்ந்து மரக்கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். அழுத சுவடே இல்லை.

“ஒன்றரை மாசமா இப்படித்தான். எதுக்குன்னு எனக்குத் தெரியும்.”

“எதுக்கு?”

“கோழி.”

“கோழியா?”

“அவங்க கோழி வந்து என் தக்காளி நாத்து அத்தனையும் கிளறிப் போட்டுச்சே, அன்னிக்குக் கட்டிப் போடச் சொன்னேன்.”

“சொன்னியா, கத்தினியா?”

“கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். அது கோழிக்கும் எனக்கும் உள்ள தகராறு. அதுக்குப் புள்ளயத் தள்ளி வைக்கலாமா?”

தங்கதுரை கேக்கிலிருந்து கத்தியை எடுத்துக் கீழே வைத்தார்.

“பதினாலு வருஷம் கழிச்சிப் பொறந்த புள்ள கோகிலா. நீ இடுப்பு வலியில எழுந்திருக்க முடியாம கெடந்தப்ப, மூணு மாசம் கால நீட்டி உக்காந்து அதுக்குத் தண்ணி ஊத்தினது யாரு?”

“அவங்கதான். அதனாலதான் வலிக்குது.”

தங்கதுரை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பச்சையம்மாள் தண்ணீர்த் தொட்டியருகே குத்துக்காலிட்டு, முழங்கை வரை புளியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலியோரத்துக் கல் மேல் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருந்தது.

“கேக்குத் துண்டு உள்ள பத்திரமா இருக்குது தம்பி. எறும்பு ஏறாம மூடி வச்சிருக்கேன். குளிச்சிட்டுத்தான் துன்னணும்.”

“அக்கா, எங்க மேல ஏதாவது கோவமா?”

“கோவமா? இன்னாத்துக்கு?”

“கோகிலா கோழியப் பத்தி ஏதோ...”

“அந்தக் கோழியா? அத அந்த வாரமே அடிச்சிக் கொழம்பு வச்சாச்சு.”

“அப்ப ஏன் பாப்பாவத் தொட மாட்டேன்றீங்க?”

பச்சையம்மாள் தன் உள்ளங்கையை மோந்து பார்த்தார். மறுபடி புளியை எடுத்துத் தேய்த்தார்.

“மக்காச்சோளத்துல புழு தம்பி. மருந்த மணல்ல கலந்து ஒவ்வொரு குருத்துலயும் கையால போடணும். ஒன்றர மாசமா அதான் வேல. கையி, தலமுடி, பொடவ எல்லாம் மருந்து. பாப்பாவுக்கு வெரல வாயில வைக்கிற வயசு. என்னத் தொட்டுட்டு வாயில வச்சிக்கினா?”



“இத கோகிலா கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா.”

“சொன்னா, அந்த வேலைக்குப் போவாதன்னு மல்லுக்கு நிக்கும். இப்ப இந்த ஊர்ல வேற வேல ஏது? அது கோவமாவே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்.”

“குளிச்சிட்டு வந்து தூக்கலாமில்ல?”

“சாயங்காலம் எத்தினி சோப்பு போட்டாலும் வாசன கம்மியாவல. விடியக்காலம் இன்னொரு தபா தல முழுவினாத்தான் போவுது. அப்ப பாப்பா தூங்கிக்கினு கெடக்கும். ஆறரைக்கு எங்கள ஏத்திக்க வண்டி வந்துடும்.”

“ஞாயித்துக்கெழம பொறந்தநாளு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு...”

“தெரியும் தம்பி. அன்னிக்கும் வேல இருக்குது. வந்து வேலியாண்டயே நின்னு பாத்துக்கறேன்.”

தங்கதுரை வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார்.

கோகிலவாணி அபிநயாவின் விரலை அவள் வாயிலிருந்து மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

தங்கதுரை போனை எடுத்தார். அழைத்திருந்த பதினேழு வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் பேசி, கேக் வெட்டும் நேரத்தைக் காலை ஐந்தரை மணிக்கு மாற்றினார்.