கேட்காத பதவி

"எவன் என் பேரை எழுதினது? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

போனை மேசைமேல் வைத்துவிட்டு, சமையலறை நடுவில் நின்று ஆர்லோ கத்தினார். கேட்க அங்கே இருந்தது அவர் மனைவி கிளாரிஸ் மட்டும்தான்.

"முதல்ல பூட்ஸைக் கழட்டு. தரையெல்லாம் சேறு. போன்ல யாரு?"

"கவுன்ட்டி தேர்தல் ஆபீஸ். மூணு பேரு என் பேரை எழுதி, ஸ்கூல் போர்டுக்கு நான் ஜெயிச்சுட்டேனாம். நான் எப்ப நின்னேன்?"

போன வாரம்தான் ஊருக்கும் பள்ளிக்கும் சேர்த்துத் தேர்தல் நடந்தது. மேயர் பதவிக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். பள்ளியை நிர்வகிக்கும் போர்டில் காலியான ஓர் இடத்துக்கு மட்டும் யாருமே மனு கொடுக்கவில்லை. அப்படி ஆள் நிற்காத இடத்துக்கு வாக்குச்சீட்டில் ஒரு வெற்றுக் கோடுதான் இருக்கும். வேண்டியவர் பெயரை ஓட்டுப் போடுகிறவரே அதில் எழுதிக்கொள்ளலாம். முக்கால்வாசிப் பேர் எழுதாமல் விட்டிருந்தார்கள். மூன்று பேர் ஆர்லோ பெயரை எழுதியிருந்தார்கள். வேறு யாருக்கும் ஒன்றுக்கு மேல் விழவில்லை. யார் வீட்டு நாய்க்கோ ஒன்று விழுந்திருந்தது.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடேன்."

"பத்து நாளைக்குள்ள எழுதிக் குடுத்தா விட்டுடுவாங்களாம். குடுத்துடுவேன். ஆனா என்னை மாட்டிவிட்டது யாருன்னு எனக்குத் தெரியணும். நீயா?"

"சத்தியமா நான் இல்லப்பா. அந்தக் கோட்டை நான் காலியா விட்டுட்டேன்."

"காலியாவா?"

"பின்ன? உன் பேரை எழுதிட்டு, வீட்டுக்கு வந்து யாரு உன்கிட்ட பாட்டுக் கேக்கறது?"

ஆர்லோ வண்டிச் சாவியை எடுத்தார். கைகலப்பு ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளாரிஸும் குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு கூடவே ஏறினாள்.

ஆர்லோவின் முதல் சந்தேகம் பெவ் மேல். அவள் காபிக் கடையில் பன்றி இறைச்சி பொரியும் வாசனை வாசல்வரை வந்தது.

"பெவ், நீதானே?"

"நான்தான். இப்ப என்ன, ஷெரீப்பைக் கூப்பிடப் போறியா?" பெவ் கேட்காமலே இரண்டு கோப்பை காபி ஊற்றினாள்.

"எதுக்கு எழுதினே?"

"உன் பிள்ளைங்க படிச்சு முடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு? இன்னும் ஒரு பாஸ்கெட்பால் ஆட்டம் விடாம போய் உக்காந்து கத்தறே. அதுவும் நம்ம பசங்க தோக்கறப்பதான் அதிகமா கத்தறே."

"அவ்வளவுதானா?"

"போதாதா? சரி, இன்னொண்ணு. மதியச் சாப்பாட்டுல சில்லிக் குழம்போட குடுக்கற இனிப்பு ரொட்டி ரோலை நிறுத்தினாங்களே, ஸ்கூலுக்கே போய் யாருய்யா சண்டை போட்டது?"

"அது நியாயமான சண்டை."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஆர்லோ கோப்பையைக் கீழே வைத்தார். "ஊரு என்ன பேசும்? பதவிக்கு அலையறான்னுதானே? வாசல்ல பலகை நட்டு ஓட்டுக் கேட்டாரே பல் டாக்டரு, அவரை இன்னிக்கு வரைக்கும் 'கவர்னர்'னுதானே கூப்பிடறீங்க?"

"அவரு தானா வந்து நின்னாரு. உன்னை நாங்கல்ல நிறுத்தியிருக்கோம்? காபி ஆறுது, குடி."

அடுத்து பள்ளிப் பேருந்துகள் நிற்கும் கொட்டகை. அங்கே ஓட்டுநர் கோர்டி பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தார். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"ஆமாண்டா, எழுதினேன்," என்றார் கோர்டி, ஆர்லோ வாயைத் திறப்பதற்கு முன்பே. "உன் குடும்பப் பேரைத் தப்பில்லாம எழுதி முடிக்கறதுக்குள்ள கை வலிச்சுப் போச்சு."

"எதுக்குடா எழுதினே?"

"பனிப்புயல்ல என் பஸ்ஸு பள்ளத்துல இறங்கினப்ப டிராக்டரோட வந்தது யாரு?"

"யாரா இருந்தாலும் வந்திருப்பாங்க."

"வந்திருப்பாங்க. பஸ்ஸை வெளிய எடுக்கற வரைக்கும் பசங்க பயப்படாம இருக்கணும்னு பாட்டுப் பாடியிருப்பாங்களா? உன் குரலைக் கேட்டுத்தான் ரெண்டு பேரு அழுதாங்க. அது வேற விஷயம்."

கிளாரிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்புறம்?" என்றார் ஆர்லோ.

"அப்புறம் என்னடா அப்புறம்? போர்டுல உக்காந்து எனக்கு ஒரு புது ஹீட்டர் வாங்கிக் குடு. காலு விறைக்குது."

"உன்னை அப்புறம் பாத்துக்கறேன்," என்று விரலை ஆட்டிவிட்டு ஆர்லோ வண்டியில் ஏறினார். பிரதான சாலைக்கு வந்ததும் வீட்டுப் பக்கம் திருப்பினார். மெல்ல விசில்கூட அடித்தார்.

"கவுன்ட்டி ஆபீஸ் அந்தப் பக்கம்," என்றாள் கிளாரிஸ்.

"தெரியும்."

"வேண்டாம்னு எழுதிக் குடுக்கணும்னியே?"

"இவ்வளவு சொல்றாங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படி முடியாதுன்னு சொல்றது? இருந்து தொலைக்க வேண்டியதுதான்."

"சரி. மூணாவது ஆளைப் பிடிக்க வேணாமா? இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காங்களே."

விசில் நின்றது. ஆர்லோவின் காது இரண்டும் சிவந்தன.

"அவனைத் தேட வேணாம்."

"ஏன், யாருன்னு தெரியுமா?"

ஆர்லோ சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஊர்ல ஒருத்தராவது என் பேரை எழுதணும்ல? அதான், நானே எழுதிட்டேன்."